பனைமரத்தைச் சாய்த்தவர்

செனகல் நாட்டுக் கடற்கரை ஊரான ஜோவாலில் மல்யுத்தம் பார்க்கப் போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். மல்லர்கள் மோதுவதற்கு முன்னால் ஜொகோய் சேன் பேசுவார் என்பது ஊருக்கே தெரியும். அவர் கையில் மைக் போய்விட்டால் திரும்பி வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. மல்லர்கள் இருவரும் உடம்பெல்லாம் தாயத்தும் மந்திரித்த பாலுமாக மணலில் நின்றுகொண்டே இருப்பார்கள். பால் காய்ந்து தோலிலிருந்து வெள்ளைப் பொடியாக உதிரும். முரசு அடிப்பவர்கள் குச்சியால் முதுகு சொறிந்துகொள்வார்கள். ஜொகோய் என்றால் செரேர் மொழியில் சிங்கம். சிங்கம் தொண்டையைச் செருமும்.

பேச்சு எப்போதும் ஒரு படகில்தான் தொடங்கும். "அகேன், ஜாம்போன்னு ரெண்டு பேரு, அக்கா தங்கச்சி. ஒரே படகுல வந்தாங்க. புயல்ல படகு ரெண்டா ஒடஞ்சு போச்சு. ஒரு பாதி வடக்க ஒதுங்குச்சு. அதுதான் நாம, செரேர் ஜனம். இன்னொரு பாதி தெக்க போச்சு. அது ஜோலா ஜனம்." இதோடு விட்டால் பரவாயில்லை. அங்கிருந்து பழைய செரேர் ராஜ்ஜியமான சீன் நாட்டு அரசர்களிடம் வருவார். குதிரைகளை ஒவ்வொன்றாக வர்ணிப்பார். பிரெஞ்சுக்காரன் கப்பலில் வந்து இறங்குவான், கம்பு விளைந்த நிலத்தில் நிலக்கடலை போடச் சொல்லுவான், நம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தன் சண்டையில் முன்வரிசையில் நிறுத்துவான். பிறகு செனகலுக்கு விடுதலை கிடைக்கும், கொடி ஏறும். நாடு முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற பிறகு அதையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் கால்பந்து வெள்ளைக்காரன் மறந்துவிட்டுப் போன பந்து, மல்யுத்தம்தான் நம் அம்மா கொடுத்த உடம்பு என்று ஒரு குத்தும் குத்துவார். இத்தனை நூற்றாண்டுகளும் எதற்காக நடந்தன என்றால், ஓர் அறுவடைக்கால மாலையில் ஜொகோய் சேன் பல்மரின் ஊர்ப் பனைமரத்தைச் சாய்ப்பதற்காகத்தான்.

பனைமரம் என்பது ஒரு மல்லனின் பட்டப்பெயர். அவன் உயரம் அப்படி. சுற்று வட்டாரத்தில் அவன் முதுகில் மண் பட்டதைப் பார்த்தவர் யாரும் இல்லை. பிற்காலத்தில் அவன் படகேறி ஸ்பெயினுக்குப் போய்த் தக்காளித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், திரும்பி வரவே இல்லை. ஜொகோயின் புகழுக்கு அவன் செய்த பேருதவி அது.

மல்யுத்தம் இல்லாத நாட்களில் ஜொகோய் மீன் துறைக்குப் பக்கத்திலுள்ள ஐஸ் தொழிற்சாலையில் பாளம் உடைப்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குப் போவார். இடுப்பில் முஸ்லிம் பெரியவர் ஓதிக் கொடுத்த தாயத்து இருக்கும். வீட்டுக் கொல்லையில் மூதாதையருக்குப் பாலும் ஊற்றிவைப்பார். எந்தப் பக்கத்திலிருந்து கெடுதல் வந்தாலும் தடுப்பதற்கு ஆள் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கும் அதே கணக்குதான், அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

வேலை முடிந்ததும் நேராகக் கரைக்குப் போவார். அங்கே அன்சுமானா ஜத்தா படகு மோட்டார் பழுது பார்க்கும் கொட்டகை வைத்திருந்தார். அன்சுமானா தெற்கிலிருந்து இளவயதில் பிழைக்க வந்த ஜோலா. ஜொகோயின் தலை தெரிந்ததும் அவர் ஸ்பானரைக் கீழே போட்டுவிடுவார்.

"வாடா என் அடிமை! எசமான் இங்க வெயில்ல வேகுறேன், கையில ஒரு ஐஸ் துண்டு இல்லாம வர்றியே, வெக்கமா இல்ல?"

"யாரு யாருக்குடா அடிமை? உங்க பாட்டி எங்க வீட்டுல அரிசி திருடித் தின்னுட்டுப் பாதிப் படகுல ஓடினவதான?"

"திருடலடா, கூலிய எடுத்துக்கிட்டா. கம்புக் களி தின்னு தின்னு ஒனக்குப் புத்தியும் களியாயிடுச்சு."

"சோத்துக்குச் செத்தவனே, டீயப் போடு."

பிறகு காலியான எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஜொகோய் உட்காருவார். மூன்று சுற்றுத் தேநீர் முடிகிறவரை ஏச்சு நடக்கும். செரேரும் ஜோலாவும் எங்கே சந்தித்தாலும் இப்படித்தான். படகு உடைந்த நாளிலிருந்து கேலி முறை. சாலையில் வண்டியை நிறுத்துகிற போலீஸ்காரர்கூடக் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, "அட, என் அடிமையா நீ, போய்த் தொல" என்று விட்டுவிடுவார். சாவு வீட்டில் பிணத்தைப் பார்த்து, "எந்திரிடா சோம்பேறி, நடிச்சது போதும்" என்று சொல்லலாம். அழுகிறவர்களும் சிரிப்பார்கள். முறைக்காரன் சொன்னது சாட்சியும் ஆகாது, அவமானமும் ஆகாது. அதற்குக் கோபப்படுவது ஒன்றுதான் குற்றம். செரேர் ஜாதியில் பிறந்து ஜோலா பேச்சுக்குக் கோபப்பட்டவனை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பனைமரத்தோடு நடந்த அந்தச் சண்டைக்கு அன்சுமானாவும் போயிருந்தார். அப்போது இருவருக்கும் மீசை அரும்பிய வயது. மல்லனின் மேல் ஊற்றவேண்டிய மந்திரித்த பால் புட்டிகளை மணலில் வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஜொகோயின் தலையில் கவிழ்த்தவர் அவர்தான். ஆகவே நடந்தது என்னவென்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெளிவாகத் தெரியும். பார்த்த மற்றவர்கள் எல்லோரும் சண்டை நடந்த பல்மரின் கிராமத்து ஆட்கள். "ஜோவாலிலிருந்து ஒரு பைத்தியக்காரன் வந்தானே" என்று கொஞ்ச காலம் சொல்லிச் சிரித்துவிட்டு, பெயரை மறந்துபோனார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் ஜொகோய் சொன்னது, "பனைமரத்தோட மோதப் போனேன்" என்பதுதான். அதில் பொய் இல்லை. கல்யாணமான பிறகு அது "பனைமரத்தோட மோதினேன்" என்று ஆனது. மகள் தெனிங் பிறந்தபோது, "சமமா நின்னேன்." மைக் கைக்கு வந்தபோது பனைமரத்துக்கு ஒரு முழங்கால் மண்ணில் பட்டது. அவன் ஸ்பெயினுக்குப் போன செய்தி வந்த வருடம் முழுசாகவே சாய்ந்துவிட்டான். அன்சுமானா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. தன் அடிமை நன்றாக வளர்கிறான் என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்திருக்கலாம்.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சி மணல் களத்தைச் சுற்றி மதில் கட்டியது. மதில் என்று ஒன்று இருந்தால் பெயர் என்று ஒன்று வேண்டும். கூட்டம் போட்டார்கள். ஃபாய் வீட்டார் தங்கள் தாத்தா பெயரைச் சொன்னார்கள். "அவர் எங்க தாத்தாகிட்ட தோத்தவராச்சே" என்று ங்கோம் வீட்டார் எழுந்தார்கள். ங்கோம் தாத்தா யாரிடம் தோற்றார் என்று சார் வீட்டார் எடுத்துச் சொன்னார்கள். செத்துப்போன தாத்தாக்கள் எல்லோரும் அந்த ஒரே சாயங்காலத்தில் மண்ணைக் கவ்வினார்கள். கடைசியில் யாரோ ஜொகோய் சேன் என்றார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அவர்மேல் பொறாமைப்பட யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. பள்ளி ஆசிரியர் ஒருவர் மட்டும், அவர் பனைமரத்தைச் சாய்த்ததற்கு ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டார். "இத்தன வருஷமா மைக்குல சொல்றாரே, மைக்குல யாராவது பொய் சொல்லுவாங்களா?" என்று நகராட்சி உறுப்பினர் கேட்டார். அவரும் தேர்தலில் மைக் பிடித்து வந்தவர்தான்.

அன்றிலிருந்து ஜொகோயின் நடை மாறியது. ஐஸ் பாளத்தைக்கூட நிமிர்ந்து நின்று உடைத்தார். மதிலில் பெயர் ஏறிவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் செத்த பிறகு பேரன்மார் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சிமெண்டில் எழுதியதை யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்? அவருக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒன்றுதான். ராத்தூக்கம்கூடக் குறைந்தது.

மனைவி யாந்தே ஒருநாள் மீனை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "தெனிங் அப்பா, தெறப்பு விழா அன்னிக்கு ஒங்க ஜோலா வருவாருல்ல? அவரு என்ன சொன்னாலும் நீங்க சிரிச்சிடுங்க. இப்பல்லாம் ஒங்களுக்குச் சிரிப்பே வர மாட்டேங்குது."

"தலைநகர்லேந்து பெரிய மனுசங்க வராங்க. இதென்ன டீக்கடையா சிரிக்கிறதுக்கு?"

"நான் சொல்றத சொல்லிட்டேன்" என்று அவள் செதிலைத் தட்டினாள்.

ஜொகோய் அவள் சொன்னதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நேராகக் கொட்டகைக்குப் போனார். எண்ணெய் டின்னில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"அன்சுமானா, விழா அன்னிக்கு இந்த அடிமை கிடிமை எல்லாம் வேணாம். டிவிக்காரங்க வராங்க. கொஞ்சம் மரியாதையா இருக்கணும்."

அன்சுமானா ஸ்பானரைக் கீழே போட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பலே பலே! இது புதுசா இருக்கே! சரிடா, அன்னிக்கு ஒரு நாள் ஒனக்கு விடுதல. ஆனா சாயங்காலமே திரும்பி வந்துடணும், வேல கெடக்கு." அவர் அதை நல்ல வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டார். ஓர் ஆள் உண்மையாகவே அப்படிக் கேட்பான் என்று எந்த ஜோலாவுக்குத்தான் தோன்றும்?

விழா நாளில் ஜொகோய் கஞ்சி போட்ட புது அங்கியில் வந்தார். நடந்தால் காகிதம் மாதிரி சரசரத்தது. மதிலின் மேல் எழுத்துக்களை மூடி ஒரு பச்சைத் துணி தொங்கியது. ஆட்சியர் பேசினார். தலைநகரிலிருந்து வந்த அதிகாரி, நம் வரலாறு, நம் விளையாட்டு, நம் மக்கள் என்று எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தார். எழுதிக் கொடுத்தவருக்கு ஜோவால் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் வர்ணித்ததெல்லாம் பாலைவனம். கடல் காற்றில் துணி படபடத்துக்கொண்டிருந்தது, ஜனங்களும் ஆமோதித்துக் கைதட்டினார்கள்.

துணியை இழுக்கப் போகிற நேரத்தில் கூட்டம் கத்த ஆரம்பித்தது. "ஜோலா எங்க? ஜோலாவக் கூப்பிடு!" முறைக்காரன் வந்து கெடுக்காத விழா உப்பில்லாத சோறு. அன்சுமானாவைத் தள்ளிக்கொண்டு வந்து மேடையில் ஏற்றினார்கள். மோட்டார் கிரீஸ் படிந்த கையால் அவர் மைக்கை வாங்கினார்.

"பெரியவங்களே! இவன் என் அடிமை. அடிமையப் பத்தி எசமானுக்குத்தான தெரியும்? கேளுங்க. தாயத்துக்காரரு இவன்கிட்ட என்ன சொன்னாருன்னா, களத்துக்குள்ள பின்பக்கமா நடந்து போ, எதிரி மூஞ்சியப் பாக்காத, அப்பத்தான் ஜெயம்னு சொன்னாரு. நம்ம சிங்கம் பின்பக்கமா போவுது. நான் பால் ஊத்திக்கிட்டே கூடப் போறேன். உடம்பெல்லாம் வழவழன்னு வெண்ண மாதிரி இருக்கான். போயிப் போயி முரசுக்காரன் மடியில தடுக்கி, முரசு மேல மல்லாக்க விழுந்தான் பாருங்க! டொம்முனு ஒரு சத்தம்! அது தாளம்னு நெனச்சு நாலு பொம்பளைங்க ஆட ஆரம்பிச்சுட்டாங்க! அங்கேருந்து உருண்டதுல முதுகுல மண்ணு பட்டுருச்சுன்னு நடுவரு ஊதிட்டாரு."

களம் குலுங்கியது. அன்சுமானா கையை உயர்த்தி அடக்கினார்.

"இருங்க, இருங்க. பனைமரம் எங்கன்னு கேக்கலயே? அவன் வேலிக்குப் பின்னால ஒண்ணுக்குப் போயிட்டிருந்தான்! இடுப்புத் துணியக் கட்டிக்கிட்டே ஓடி வரான், நீதான் ஜெயிச்சன்னு பரிசுக் காளமாட்டக் கையில குடுக்குறாங்க. யாரடா நான் ஜெயிச்சேன்னு கேக்குறான்! இன்னிவரைக்கும் அவனுக்குத் தெரியாது!"

தலைநகர் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆட்சியர் நாற்காலியில் சரிந்துவிட்டார். கருவாட்டுக்கடைப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். ஒரு சொல்லையாவது நம்பியவர் அங்கே ஒருவரும் இல்லை. ஆள் எவ்வளவு பெரியவனோ அவ்வளவு பெரிய பொய்யை முறைக்காரன் கட்டவேண்டும், அதுதான் மரியாதை. இத்தனை பெரிய பொய் கிடைத்தவன் நிச்சயம் பனைமரத்தைச் சாய்த்திருக்கிறான் என்று அதுவரை சந்தேகப்பட்ட பள்ளி ஆசிரியர்கூட நினைத்திருப்பார். பதிலுக்கு ஜொகோய் ஒரே ஒரு வரி சொன்னால் போதும். "நீ பாலை ஊத்தினியா, இல்ல சோத்துல பெசஞ்சு தின்னியா?" என்று கேட்டிருந்தால் களமே பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அந்த வரி எல்லோர் நாக்கிலும் இருந்தது. யாந்தே முன்வரிசையிலிருந்து வாயசைத்துக்கூடக் காட்டினாள்.

ஆனால் அத்தனை ஆயிரம் பேரில் அது உண்மை என்று தெரிந்த ஒரே செரேர் ஜொகோய்தான். இத்தனை வருடம் தன் வாயால் புதைத்ததை மைக்கில் தோண்டி எடுத்துவிட்டார்கள் என்று அவருக்குக் காது அடைத்தது. பச்சைத் துணியைப் பார்த்தார். சிரிக்கிற வாய்களைப் பார்த்தார். மைக்கைப் பிடுங்கினார்.

"நிறுத்துங்க! என்ன சிரிப்பு? இது அவமானம்! பெரியவங்க இருக்குற எடத்துல என்னப் பத்திப் பொய் சொல்லியிருக்கான். இவன் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும்! இல்லன்னா நான் கேஸ் போடுவேன்!"

முதலில் சிலர் அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. கூட்டத்திலிருந்து ஒரு கருவாட்டுக்காரி, யாரிடமும் இல்லாமல், தனக்குத்தானே சொல்லுவதுபோல் கேட்டாள்: "ஐயையோ, அப்ப அது நெசமா?"

அது மைக் இல்லாமலே களம் முழுக்கக் கேட்டது. யாந்தே முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்சுமானா தொப்பியைக் கழற்றினார். கிரீஸ் கையைத் தன் அங்கியில் துடைத்துக்கொண்டார். அவர் ஜொகோயை "நீங்க" என்று கூப்பிட்டதை ஊர் அன்றுதான் கேட்டது.

"மன்னிச்சுக்குங்க, ஐயா. நான் சொன்னது பொய். நீங்க பனைமரத்தச் சாய்ச்சீங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார். அவர் பின்னால் ஜோலா ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வரிசையாக வெளியே போனார்கள். ஆட்சியருக்கு அடுத்த ஊரில் இன்னொரு திறப்பு விழா இருந்தது. அவர் அவசரமாகத் துணியை இழுத்தார். பெரிய பெரிய எழுத்துக்களில் ஜொகோய் சேன் மல்யுத்தக் களம் என்று இருந்தது. ஒருவர் கைதட்டினார், பிறகு தான் மட்டும் தட்டுகிறோம் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

கேட்டது கிடைத்துவிட்டது. பெயரை யாரும் அழிக்கவில்லை. அழிக்கவேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை, அதற்காகக் கூட்டம் போட்டால் தாத்தாக்கள் எல்லோரும் மறுபடி எழுந்து வரவேண்டும். மைக்கையும் அவரிடமிருந்து யாரும் வாங்கவில்லை. ஐஸ் வாங்க வருகிற ஜோலாப் பெண்கள் மட்டும், முன்பெல்லாம் "ஏய் அடிமை, கனமா ஒடச்சுப் போடு" என்று கூடையை எறிகிறவர்கள், இப்போது "ஐயா, வணக்கம், உடம்பு நல்லாயிருக்கா?" என்று தள்ளி நின்றார்கள். சாலையில் ஜோலாப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார், சேன் என்ற பெயரைப் படித்தார், காகிதங்கள் எல்லாவற்றையும் வாங்கிச் சரிபார்த்துவிட்டு, "போகலாம் ஐயா" என்றார். தெனிங்கின் கல்யாணப் பேச்சு வந்தபோது, கெடுக்க வருவதற்கு ஒரு ஜோலாவும் இல்லாமல், வெறும் வாழ்த்துக்களோடு முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜொகோய்க்கு நெஞ்சு தாங்கவில்லை. ஒரு சாயங்காலம், ஐஸ் துண்டு ஒன்றைக் கோணியில் சுற்றிக்கொண்டு கரைக்குப் போனார். கொட்டகை வாசலில் நின்று தன்னிடம் இருந்த சரக்கையெல்லாம் அவிழ்த்தார்.

"டேய் சோத்துக்குச் செத்தவனே! அரிசி திருடி! ஒங்க பாட்டி பாதிப் படகுல ஓடினப்ப எங்க பானையையும் தூக்கிட்டு ஓடினா, அதக் குடுடா!"

அன்சுமானா ஸ்பானரைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார்.

"சரிங்க ஐயா. பெரியவங்கள விசாரிச்சுப் பாக்கறேன்."

"ஏண்டா, ஒனக்கு வாயில பல்லு இல்லையா? திட்டுடா!"

"அப்படியெல்லாம் சொல்லலாமாங்க?"

ஜொகோய் ஐஸைக் கீழே போட்டார். "அன்சுமானா, நான் விழுந்தேன். நீ சொன்னபடியேதான் விழுந்தேன். எனக்குத் தெரியாதா? நான் ஒன் அடிமைடா. அடிமை இல்லையா நான்?"

கோபமாக இருக்கிறாரா என்று ஜொகோய் அன்சுமானாவின் முகத்தைத் துழாவினார். கோபம் இருந்திருந்தால் ஜொகோய்க்கு ஆறுதலாக இருந்திருக்கும். மரியாதை மட்டும்தான் இருந்தது.

"ஐயா பேரு மதில்ல இருக்கு. அடிமை பேர யாருங்க மதில்ல எழுதுவாங்க?"

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்தார். தோளில் கிடந்த துணியால் அதை இரண்டு தரம் நன்றாகத் துடைத்தார்.

"உக்காருங்க ஐயா" என்றார்.